ரெட்டை லென்ஸ் கேமராவைப் பார்த்ததும் பேச வருகிறவர்கள்: உங்கள் அனுபவம் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். மூன்று மாதமாக ரோலைஃபிளெக்ஸ் என்ற பழைய ரெட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராவோடு தெருவில் படம் எடுக்கிறேன். 1929-இல் வந்த ரகம். கீழ் லென்ஸ் ஃபிலிமுக்கு, மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்தால் போதும், ஷட்டர் சத்தமும் மெல்லியதுதான். யார் கண்ணையும் உறுத்தாது என்று நம்பியே வாங்கினேன்.

நடப்பது நேர்மாறு. டிஜிட்டல் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், இதைக் கண்டதும் கிட்டே வருகிறார்கள். "இன்னும் வேலை செய்யுதா? ஃபிலிம் கிடைக்குதா?" போன வாரம் ஒரு பெரியவர் பார்க்கட்டுமா என்று கேட்டார். கொடுத்தேன். உள்ளே பிம்பம் இடவலம் மாறித் தெரியுமே, கேமராவை வலப்பக்கம் திருப்ப, காட்சியும் அதே பக்கமே நகர்ந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க முடியாது. ஆனால் நான் காத்திருந்த வெளிச்சம் அதற்குள் போய்விட்டது.

மனம் நோகாமல் பேச்சை முடிப்பது எப்படி? "என்னை ஒண்ணு எடுங்க" என்கிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? ரோலுக்கு 12 படம்தான். எடுத்தாலும் உடனே காட்ட முடியாது. பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறவர்கள் அவர்களை மறுபடி எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்?

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நான் குனிந்திருப்பதால் படம் எடுப்பதே சிலருக்குத் தெரிவதில்லை. முன்பே கேட்டுவிடுவதா, எடுத்தபின் சொல்வதா? ஹாசல்பிளாட், மாமியா கேமரா வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்.