புதுப்பிப்பு: ஆர்பி67-க்கு வாங்குன புது ட்ரைபாட், க்ரி க்ரி காத்துல

மமியா ஆர்பி67-ங்கற கனமான ஃபிலிம் கேமராவை எந்த ட்ரைபாட் தாங்கும்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, நீங்க சொன்ன மாதிரியே மூணு செக்‌ஷன் கால் உள்ள கார்பன் ஃபைபர் ட்ரைபாட் ஒன்னு வாங்கி ஞாயித்துக்கிழமை சுயாக் ஊர் பக்கம் க்ரி க்ரி கடற்கரைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க பவளத்திட்டு இல்ல, அலை நேரா பாறையில வந்து அடிக்கும், கூடவே தென்கிழக்குக் காத்து, சோதனைக்கு அதைவிட நல்ல இடம் மொரிஷியஸ்ல எனக்குத் தெரியாது.

கேமரா லென்ஸோட கிட்டத்தட்ட 2.7 கிலோ, உள்ள இருக்கற மிரர் வேற பெருசு, படம் எடுக்கறப்போ அது எழும்பி மொத்தத்தையும் உலுக்கும், அதனால லென்ஸை மிரர்-அப்ல வச்சு பாடி பட்டனால மிரரைத் தூக்கிட்டு, அதிர்வு அடங்கினப்புறம் கேமராவுல கை படாம இருக்க கேபிள் ரிலீஸ் வயரால ஷட்டரை விட்டேன். நெகட்டிவ்வை லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தா 1/8 நொடியில எடுத்ததுல கூட பாறை வெடிப்பு ஒவ்வொன்னும் தெளிவா இருக்கு, அவ்ளோ சந்தோஷம்!

ட்ரைபாட்டோட நடுத்தண்டை (சென்டர் காலம்) ஏத்தவே இல்ல. ட்ரைபாட் ஆடாம இருக்க எடைக்குப் பை மாட்டச் சொன்ன அண்ணாவுக்கு: சும்மா தொங்கவிட்டா காத்துல ஆடுது, தரையைத் தொடுற மாதிரி கட்டினாதான் உதவுது. ஒரு ரோலுக்கு 10 ஃப்ரேம்தான், ஒன்னு கூட ஆடி வீணாகக் கூடாது, அதனால இன்னொரு லென்ஸை விட நல்ல ட்ரைபாட்தான் முக்கியம்னு நினைக்கிறேன்.

கேமராவைத் தாங்குற பால் ஹெட் (உருண்டை மூட்டுல திரும்புற தலை) மட்டும் சரிப்படல, லாக் பண்ணதும் லேசா இறங்குது. இந்தக் கேமராவுல பின்னாடி இருக்கற ஃபிலிம் பேக்கைத் திருப்பினாலே படம் நெட்டுவாக்குல (போர்ட்ரெய்ட்) ஆயிடும், கேமராவைச் சாய்க்க வேண்டியதில்ல, அதனால அடுத்து கியர்டு ஹெட் (திருகைச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துற தலை) பாக்கப் போறேன், யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.