புதுப்பிப்பு: கழுத்துப் பயிற்சி செய்தும் தலைவலி குறையாதவர்களுக்கு

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்துக்கான ட்ரைஜெமினல் நரம்பும் ஒரே நரம்பு மையத்தில் சேர்வதால், கழுத்துக் கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலியாகத் தெரியும் என்று முன்பு எழுதியிருந்தேன். "அதற்காகத் தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடுகிறதே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் பலமாகச் செய்வதுதான் காரணம். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். 'ஆமாம்' என்பதுபோல் தாடையை மெல்லத் தாழ்த்துங்கள். தலை மேலே எழக் கூடாது. 10 விநாடி பிடித்து, 10 முறை, தினம் இருவேளை. கழுத்தின் முன்பக்கத் தசைகள் கயிறுபோல் புடைத்தால், ஆழ்தசைகளின் வேலையை அவை எடுத்துக்கொண்டன என்று பொருள். அசைவைப் பாதியாகக் குறையுங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். 6 வாரமாவது விடாமல் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து முன்கூட்டியே இறுகும். குமட்டல், வெளிச்சம் தாங்காமை இருந்தால் கழுத்தை மட்டும் பழிக்காதீர்கள், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் மேல் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

கழுத்தைச் சொடுக்கு எடுப்பதை தயவுசெய்து விடுங்கள், அரிதாக அதனால் கழுத்துத் தமனி (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) கிழியலாம். இதுவரை இல்லாத புதுவிதக் கழுத்து வலியோடு இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். இளவயதுப் பக்கவாதத்துக்கு அது முக்கியக் காரணம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.