இன்டகிரேஷன்: ‘ஒருங்கிணைப்பு’ வேண்டாம், ‘செருகல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கையேட்டுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வைரஸுக்கு நச்சுயிரி, அது குடியேறும் செல்லுக்கு ஓம்புயிர் செல். இரண்டும் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். முக்கியமாக இழுபறியில் நிற்பது இன்டகிரேஷன், அதாவது நச்சுயிரியின் டி.என்.ஏ. செல்லின் குரோமோசோமுக்குள் நுழைந்து பதிவது. அதற்கு நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஒருங்கிணைப்பு என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர் என்று நாம் சொல்லும் இடத்திலெல்லாம் பல தரப்பும் இசைந்து ஒரு வேலைக்காகச் சேர்கின்றன. நச்சுயிரியின் டி.என்.ஏ. நம் குரோமோசோமுக்குள் போய் உட்காரும்போது அப்படி எந்த இசைவும் இல்லை. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி.யையே (மனிதப் பாப்பிலோமா நச்சுயிரி) எடுத்துக்கொள்வோம், கையேடும் அதைப் பற்றியதுதானே.

எச்.பி.வி.யின் மரபு முழுவதும் சுமார் 8,000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) கொண்ட ஒரு டி.என்.ஏ. வளையம். தோலிலோ சளிச்சவ்விலோ ஏற்படும் நுண்ணிய சிராய்ப்பு வழியாக அடி அடுக்குச் செல்களை அடைகிறது. அங்கே அந்த வளையம் செல்லின் உட்கருவுக்குள் தனியாகவே இருக்கும், குரோமோசோமை வெட்டாது. செல் பிரியும்போது அதுவும் படியெடுக்கப்பட்டுச் சேய்ச் செல்களுக்குப் போகும். செல் மேல் அடுக்குக்கு ஏறி முதிர்ந்த பிறகுதான் வளையங்கள் ஏராளமாகப் பெருகுகின்றன, உறைப் புரதங்கள் உருவாகின்றன, புதிய நச்சுயிரிகள் கட்டப்படுகின்றன. உதிரும் செல்களோடு அவை வெளியேறுகின்றன. பெரும்பாலான தொற்றுகளை உடலே ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடும்.

முதிர்ந்த செல் டி.என்.ஏ. படியெடுப்பதை நிறுத்திவிடும். நச்சுயிரிக்கோ அந்தப் பொறி ஓடியாக வேண்டும். அதற்குத்தான் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள். ஈ7, செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஈ6, பழுதடைந்த செல்லை நிறுத்தவோ சாகடிக்கவோ செய்யும் பி53 புரதத்தைச் சிதைக்க வைக்கிறது. இவை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது நச்சுயிரியின் சொந்தப் புரதமான ஈ2.

இப்போது விபத்துக்கு வருவோம். நாள்பட்ட தொற்றில் சில செல்களில் வளையம் அறுபட்டு, நீண்ட இழையாகி, குரோமோசோமில் டி.என்.ஏ. உடைந்த ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறது. அறுபடும் இடம் பலமுறை ஈ2 மரபணுவாக அமைந்துவிடுகிறது. அப்போது ஈ6, ஈ7 இரண்டும் கட்டவிழ்ந்து பெருகும். செல் ஓயாமல் பிரியும், பழுதுகள் சேரும். ஆண்டுகள் கழித்து அது புற்றாகலாம். மாட்டிக்கொண்ட அந்த இழையிலிருந்து புதிய நச்சுயிரி பிறப்பதில்லை. நச்சுயிரிக்கும் அது முட்டுச்சந்து. இந்த நிகழ்வுக்கு ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு, ஆய்வகங்களில் 1951 முதல் வளர்ந்துவரும் ஹீலா செல்களில் இதை நேராகவே பார்க்கலாம். அவற்றின் எட்டாம் குரோமோசோமில், ‘மிக்’ என்ற வளர்ச்சி மரபணுவுக்குப் பக்கத்தில், எச்.பி.வி. 18ஆம் வகையின் துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஹெரால்ட் சூர் ஹவுசனின் குழு கருப்பைவாய்ப் புற்றில் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அடுத்த ஆண்டும் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டு வகைகளே காரணம்.

என் பரிந்துரை: செருகல். இடுப்பில் முந்தானையைச் செருகுகிறோம், கூரை இறவாணத்தில் அரிவாளைச் செருகி வைக்கிறோம். இருக்கிற ஒன்றின் இடுக்கில் வெளியிலிருந்து வந்த ஒன்று நுழைவதுதான் செருகல். இங்கே நடப்பதும் அதுதான்.

இதற்கு வந்த இரண்டு மறுப்புகளில் முதலாவது, செருகியதை உருவிவிடலாமே என்பது. நியாயமான கேள்வி. நிலைத்துவிடுவதைக் காட்ட ‘ஒட்டு’ என்று ஒருவர் சொன்னார். மாங்கன்றில் ஒட்டுக் கட்டினால் பிரியாதுதான், ஆனால் அங்கே ஒன்றின் முனையோடு இன்னொன்று சேர்கிறது. இங்கே இரு பக்கமும் நம் டி.என்.ஏ., நடுவில் அயலான். நிலைத்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘செருகிப் பதிந்த’ என்று எழுதினால் போதும். இரண்டாவது, சடுதிமாற்ற வகை ஒன்றுக்கும் ‘செருகல்’ வழக்கில் இருக்கிறதே என்பது. இருக்கட்டும். குழப்பம் வரும் இடத்தில் ‘நச்சுயிரிச் செருகல்’ என்று முழுதாக எழுதலாம்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, அது கிளைப்பதுதான். செருகும் இடம் செருகிடம். எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோ வைரஸ்கள் இதற்கென்றே வைத்திருக்கும் நொதி செருகுநொதி. அவற்றுக்குச் செருகல் வாழ்க்கைச் சுழற்சியின் கட்டாயப் படி, எச்.பி.வி.க்கோ தற்செயல். ஆகவே ‘முறைச்செருகல்’, ‘தற்செயல் செருகல்’ என்று பிரித்தும் சொல்லலாம். செருகாமல் தனித்திருக்கும் நிலைக்குத் ‘தனிவளையம்’ போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புற்றுக்குச் செருகல்தான் ஒரே வழி என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. எச்.பி.வி. 16 உள்ள சில புற்றுகளில் தனிவளையம் மட்டுமே இருக்கிறது. சில புற்றுகளோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் நச்சுயிரியும் பெரும்பாலும் தனிவளையமாகவே தங்குகிறது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி ஓர் ஆர்.என்.ஏ. நச்சுயிரி, அது நம் குரோமோசோமில் செருகிக்கொள்வதே இல்லை. நெடுநாள் அழற்சியாலும் ஈரல் இறுகுவதாலும்தான் அங்கே புற்று வருகிறது.

அப்புறம், ரெப்ளிகேஷன், அதாவது தன்னைப் போன்ற படிகளை உண்டாக்குவது. டி.என்.ஏ.வுக்கு ‘இரட்டிப்பாதல்’ சரி. நச்சுயிரி இரண்டாகப் பிரிவதில்லை, உறுப்புகள் தனித்தனியே உருவாகி ஒன்றுசேர்கின்றன. அங்கே ‘பெருக்கம்’ என்றே எழுதுவோம்.

குரோமோசோமில் செருகி நிற்கும் நச்சுயிரி டி.என்.ஏ.வைக் குறிக்கும் புரோவைரஸ் மட்டும் பாக்கி. ‘செருகுண்ட நச்சுயிரி’யா, ‘செருகுயிரி’யா? எனக்கு முதலாவதில்தான் சாய்வு. மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேசிப் பழகியவர்கள் எது காதில் நிற்கும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்