ஐன்ஸ்டீனை ‘அணுகுண்டின் தந்தை’ என்று எழுதலாமா?

அஸ்தம்பட்டி வாசகர்:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான அட்டையில் ஐன்ஸ்டீன் படத்தின் கீழ் ‘அணுகுண்டின் தந்தை’ என்று எழுதியிருந்தாள். அடித்துவிடச் சொன்னேன், தன் வழிகாட்டி நூலில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது என்று காட்டினாள். அவர் குண்டு செய்யும் பணியில் இல்லை என்பது தெரியும். அப்படியானால் அணு அறிவியலோடு அவருக்குள்ள தொடர்புதான் என்ன? வெள்ளிக்கிழமை அட்டையை மாட்டியாக வேண்டும்.

ஏற்காடு ஆசிரியை:
தாங்கள் அடிக்கச் சொன்னது சரியே, ஐயா. ஜெர்மனி யுரேனியக் குண்டு செய்துவிடக்கூடும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டை எச்சரித்து, 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்ட கடிதத்தில் அவர் கையொப்பமிட்டார். அதை முன்னின்று வரைந்தவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். 1940-இல் அமெரிக்க ராணுவம் ஐன்ஸ்டீனுக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்துவிட்டதால், பின்னர் அணுகுண்டு செய்யத் தொடங்கிய மன்ஹாட்டன் திட்டத்தில் அவருக்கு இடமே இருக்கவில்லை.

என்னைக் கேட்டால், அட்டையில் வர வேண்டியது 1905-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை. மாக், ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய அறிவியலாளர்களே அணு என்று ஒன்று உண்டா என ஐயுற்றிருந்த காலத்தில், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதற்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்றும், துகள் நகரும் தொலைவை அளந்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கணக்கிட்டுவிடலாம் என்றும் ஐன்ஸ்டீன் காட்டினார். பிரான்சில் ழான் பெரின் 1908 முதல் அளந்து பார்த்தார். கணக்கு பொருந்தியது, ஆஸ்ட்வால்டும் ஒப்புக்கொண்டார். எங்கள் ஆய்வகத்தில் நீர் கலந்த பாலை 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்போது, துடிக்கும் கொழுப்புத் துளிகளைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் சொல்வது, “டீச்சர், பூச்சி!”

மேட்டூர் மின்பொறியாளர் (ஓய்வு):
‘நிறையையும் ஆற்றலையும் இணைக்கும் அவருடைய E = mc² சமன்பாடு இல்லாமல் குண்டு ஏது?’ என்று கண்காட்சியில் யாராவது கேட்பார்கள். அதற்கும் பாப்பா தயாராக இருக்கட்டும். 1 கிராம் நிறைக்கு ஈடான ஆற்றல் சுமார் 2.5 கோடி யூனிட். எங்கள் அனல்மின் நிலையத்தின் 840 மெகாவாட் பகுதி முழுத்திறனில் ஏறத்தாழ 30 மணி நேரம் ஓடினால்தான் அவ்வளவு மின்சாரம் வரும். ஆனால் அங்கே நிலக்கரி எரியும்போதும் அதே சமன்பாட்டின்படிதான் நிறை குறைகிறது. எந்தத் தராசிலும் தெரியாத அளவுக்குக் குறைகிறது, அவ்வளவே. சமன்பாடு வீட்டு மின்மீட்டரைப் போன்றது. ஓடியதைக் காட்டும், மின்சாரத்தை உண்டாக்காது. குண்டுக்கு வழிவகுத்தது யுரேனிய அணுக்கருவின் பிளவு. அது பிளவுபடுவதை 1938 இறுதியில் சோதனையில் கண்டவர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும். அதில் புரோட்டான் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று, ஐன்ஸ்டீனின் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டு விளக்கியவர்கள் லீசா மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஃபிரிஷ்ஷும்.

அஸ்தம்பட்டி வாசகர்:
இருவருக்கும் நன்றி. ‘அணு உண்டு என்று கணக்கால் காட்டியவர்’ என்று மாற்றிவிட்டோம். இப்போது அவளுக்குப் பால் சோதனையும் வேண்டுமாம். எவ்வளவு நீர் கலக்க வேண்டும், டீச்சர்?

ஏற்காடு ஆசிரியை:
அரை டம்ளர் நீருக்கு ஒரு சொட்டுப் பால் போதும். மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை மூடி, நீரோட்டம் அடங்கும்வரை இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.