கண்ணில் ஓடும் நூல், புள்ளி: சிகிச்சை இல்லாமல் குறையுமா?

மைனஸ்ஆறு:
வலது கண்ணில் சில வாரமாக நூல் மாதிரி ஒன்றும் கூடவே கரும்புள்ளிகளும் ஓடுகின்றன. கண்ணைத் திருப்பினால் அவையும் திரும்புகின்றன, கணினியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாலே எரிச்சலாக வருகிறது. நாற்பதைத் தாண்டிவிட்டேன், மைனஸ் 6 பவர். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டர், ரெட்டினா (கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரை) நன்றாக இருக்கிறது, பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நிஜமாகவே யாருக்காவது பழகியதா?

தாமிரபரணி:
எனக்குப் பழகியது சார். ஆரம்ப மாதங்கள்தான் கொடுமை, எந்நேரமும் அதையே தேடிக்கொண்டிருப்போம். இப்போதும் வானத்தைப் பார்த்தால் தெரியும், ஆனால் நாள் முழுக்க அது நினைவுக்கே வராது. கணினியில் டார்க் மோட் போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், வெயிலில் கூலிங் கிளாஸ் போடுங்கள், அது பெரிய ஆறுதல்.

கண்ணாடிக்கடை:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்பவர். கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் நுண்ணிய கொலாஜன் இழைகள் உண்டு. வயதாக ஆக ஜெல் நீர்த்து, இழைகள் ஒன்றுகூடித் திரள்கின்றன, அவற்றின் நிழல் ரெட்டினாவில் விழுவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மைனஸ் பவர் அதிகம் இருந்தால் இது சீக்கிரமே வரும். பெரும்பாலும் அது கரைந்து போவதில்லை. பார்வைப் பாதையிலிருந்து கீழே இறங்கும், மூளையும் கண்டுகொள்ளாமல் விடப் பழகும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது.

மைனஸ்ஆறு:
நன்றி. லேசர் வைத்து உடைக்கலாம் என்கிறார்களே?

கண்ணாடிக்கடை:
யாக் லேசர் உண்டு, ஆனால் எல்லா மிதவைக்கும் (நீங்கள் சொல்லும் நூல், புள்ளிக்கு அதுதான் பெயர்) பொருந்தாது, ரெட்டினாவுக்கோ லென்ஸுக்கோ பக்கத்தில் இருந்தால் அடிக்க மாட்டார்கள். விட்ரெக்டமி அறுவை சிகிச்சையில் ஜெல்லையே எடுத்துவிடுவார்கள், மிதவையும் போகும், ஆனால் அப்புறம் கண்புரை சீக்கிரம் வரும், அரிதாக ரெட்டினாவே விலகலாம். அதனால்தான் பல மாதம் பொறுத்தும் படிக்கவோ வண்டி ஓட்டவோ முடியாதவர்களுக்கு மட்டும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

மல்லிகா_அக்கா:
தம்பி, பழகிவிடும் என்றதை நம்பி அதோடு விட்டுவிடாதே. திடீரென்று புள்ளிகள் கொத்தாகக் கூடினாலோ, இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டினாலோ, பார்வையில் திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே ஓடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. என் தங்கைக்கு ரெட்டினாவில் சின்னக் கிழிசல், சீக்கிரம் போனதால் லேசர் வைத்து அடைத்தார்கள், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் தெரியும். உனக்கு சர்க்கரை உண்டா? டாக்டர் மறுபடி எப்போது வரச் சொன்னார்?

மைனஸ்ஆறு:
சர்க்கரை இல்லை அக்கா. மின்னலும் இல்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கடை:
கட்டாயம் போங்கள். ஜெல் ரெட்டினாவை விட்டுப் பிரிகிற சமயமாக இருந்தால் கிழிசல் பிந்தியும் வரலாம், 4 முதல் 6 வாரத்தில் மறுபடி பார்ப்பது அதற்குத்தான். மறுபடியும் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும், பைக்கில் போகாதீர்கள்.