வெளிநாடு போகிறவர் போனில் எத்தனை செயலி வேண்டும்: இருபத்து மூன்றா, நாலா?

திசைகாட்டி | இரவு 8:05
அடுத்த மாதம் முதல்முறையாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தம்பி ஒருவன் "அண்ணே, போன்ல என்னென்ன போட்டுக்கணும்"னு கேட்டான். என் போனைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், பயணத்துக்கென்றே 23 செயலி இருக்கிறது. வரைபடம் இரண்டு, மொழிபெயர்ப்பு இரண்டு, பணம் அனுப்ப ஒன்று, நாணய மாற்று பார்க்க ஒன்று, இசிம் (தட்டில் செருகாமல் போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம்) வாங்க ஒன்று, விமானம் எங்கே வருகிறது என்று பார்க்க ஒன்று, வாடகைக் கார், ரயில், அறை, உலக நேரம், இப்படிப் போகிறது. அப்படியே பட்டியலை அனுப்பிவிட்டேன். என் கொள்கை இதுதான்: கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். தெரியாத இடத்தில் நின்றுகொண்டு டவுன்லோட் ஆகிற வட்டம் சுற்றுவதைப் பார்ப்பது மாதிரி கொடுமை வேறில்லை. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடலாம்.

காகிதக்காரன் | இரவு 8:31
சேர்ப்பதா? நாலு போதும், மீதியைத் தூக்குங்கள் ஐயா. 23 செயலியும் ஒரே போனில், போன் ஒரே சட்டைப்பையில். அது தண்ணீரில் விழுந்தாலோ எவனாவது அடித்துக்கொண்டு போனாலோ வரைபடம், பணம், டிக்கெட், தங்குமிட முகவரி, வீட்டு நம்பர் எல்லாம் ஒரே நொடியில் போச்சு. உங்களுக்கு வீட்டில் எத்தனை பேர் நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? எனக்கு ஒன்றுதான் தெரியும், அதுவும் பழைய லேண்ட்லைன்.

நான் இன்றைக்கும் கடவுச்சீட்டு நகல், தங்குமிட முகவரி (அந்த ஊர் எழுத்திலேயே), இரண்டு தொலைபேசி எண், எல்லாம் ஒரே தாளில் எழுதிப் பெட்டியில் ஒன்று, பையில் ஒன்று வைத்துக்கொள்வேன். அதற்கு சார்ஜ் வேண்டாம்.

திசைகாட்டி | இரவு 8:50
தாளை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் தாள் "இப்போது நீ நிற்கிற இடம் இது" என்று சொல்லுமா? நிறையப் பேர் நெட் இல்லாவிட்டால் வரைபடம் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் போன் வாங்கத்தான் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் சிம்மே இல்லாவிட்டாலும் நீலப்புள்ளி சரியாக நிற்கும். படம்தான் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கூகுள் மேப்ஸில் ஊரை ஆஃப்லைனில் இறக்கி வைத்தால் கார் ஓட்டும் வழி மட்டும்தான் காட்டும், நடந்துபோகும் வழியும் பேருந்து ரயில் வழியும் நெட் இல்லாமல் வராது. நடக்கிறவனுக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் வேண்டும். இரண்டுமே 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவில் ஓடுபவை, தன்னார்வலர்கள் வரைந்து வரைந்து சேர்த்தது, ஒற்றையடிப் பாதைகூடச் சில இடங்களில் இருக்கும். அதனால்தான் வரைபடம் இரண்டு என்றேன். சும்மா அடுக்கவில்லை.

வெண்ணிலா | இரவு 9:22
நீங்கள் இருவரும் பத்து நாள் சுற்றிவிட்டு வருகிறவர்கள் மாதிரியே பேசுகிறீர்கள். அந்தத் தம்பி போவது வேலைக்கு என்று திசைகாட்டி சாரே முதல் வரியில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: முதல் வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கும் வேலைக்கும் வழி கண்ணை மூடிக்கொண்டு தெரியும், வரைபடம் எதற்கு? உயிரை எடுத்தது ஓடிபி.

வந்த புதிதில் இங்கே ஒரு சிம் வாங்கினேன், பழைய நம்பரை அம்மாவின் பொத்தான் போனில் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஊர் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிட வேண்டும். அம்மா கண்ணாடி தேடுவார். கண்ணாடி கிடைத்ததும் மெசேஜைத் தலைப்பிலிருந்து வாசிப்பார், "அன்புள்ள வாடிக்கையாளரே"யிலிருந்து. நடுவில் "யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கேடி, உன்கிட்ட சொல்லலாமா?" என்பார். நம்பருக்கு வருவதற்குள் திரையில் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. சிரிப்பாகத்தான் இருக்கும், அவசரத்துக்குப் பணம் அனுப்ப வேண்டிய அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அப்புறம் ஒருநாள் ரீசார்ஜ் செய்ய மறந்து அந்த நம்பரே ரத்தாகிவிட்டது. நம்பரை மாற்ற வங்கியைக் கேட்டால் பழைய நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போடுங்கள் என்கிறார்கள். எங்கே போய்ச் சொல்வது?

23 செயலியில் இதற்கு எது மருந்து?

காகிதக்காரன் | இரவு 9:30
இதைத்தானே நானும் சொல்கிறேன்! போனை நம்பினால் இப்படித்தான்.

வெண்ணிலா | இரவு 9:34
இல்லைங்க, நீங்கள் சொல்வது வேறு. உங்கள் தாளில் ஓடிபி வராது.

கணக்குப்பிள்ளை | இரவு 10:02
வெண்ணிலா அக்கா சொல்வதுதான் இந்தப் பேச்சில் உருப்படியான விஷயம். நான் கணினிப் பாதுகாப்பில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி இரண்டு வகை. ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வருவது, அது நம்பரோடு கட்டப்பட்டது, நம்பர் போனால் அதுவும் போகும். இன்னொன்று ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கம். கணக்கைச் சேர்க்கும்போது கியூஆர் கோடு வழியாக ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய்விடும், பிறகு அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 நொடிக்கு ஒரு புது எண் வரும். டிஓடிபி என்று பெயர், 2011இல் ஆர்எஃப்சி 6238 என்று பொதுத் தரமாகவே வெளியிட்டார்கள். நெட் வேண்டாம், சிம் வேண்டாம், எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான். மின்னஞ்சல் முதலாக எதெல்லாம் இதை ஏற்கிறதோ அதையெல்லாம் கிளம்பும் முன் எஸ்எம்எஸ்ஸிலிருந்து இதற்கு மாற்றிவிட வேண்டும்.

வங்கிகளில் பல இன்னமும் எஸ்எம்எஸ்ஸை விட்டு நகரவில்லை, உண்மைதான். அதற்கு ஊர் சிம்மை அம்மாவிடம் கொடுக்காதீர்கள், கையோடு கொண்டுவந்து இரட்டை சிம் போனில் போட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, மெசேஜ் வாங்க மட்டும் வைத்திருங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பல நிறுவனங்கள் காசு பிடிப்பதில்லை, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளலாம். நம்பர் சாகாமல் இருக்க ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் போடுங்கள். செத்த நம்பரைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால் உங்கள் கணக்கு கையைவிட்டுப் போகும்.

திசைகாட்டி | இரவு 10:15
இதை ஒப்புக்கொள்கிறேன். என் 23இல் ஆதென்டிகேட்டர் இல்லவே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரட்டை சிம்முக்கும் ஒரு செயலி வேண்டுமே, ஊர் சிம் தட்டில் இருக்கும், டேட்டாவுக்கு இசிம். விமானம் ஏறும் முன்பே வாங்கிப் பதிந்துவிடலாம், இறங்கியதும் நெட்.

காகிதக்காரன் | இரவு 10:24
இசிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. போன மழைக்காலத்தில் ஒரு பயணத்தின் நடுவில் என் போன் திரை கருத்துவிட்டது. தட்டில் இருந்த சிம்மைக் கழற்றி ஒரு பழைய போனில் செருகினேன், நம்பர் உயிரோடு வந்தது. டேட்டாவுக்கு வாங்கிய இசிம் செத்த போனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்த கியூஆர் கோடு ஒருமுறைதான் வேலை செய்யுமாம், மறுபடி கொடுங்கள் என்று கேட்டால் அந்த நிறுவனத்திலிருந்து மூன்று நாள் பதிலே இல்லை. பயணமே முடிந்துவிட்டது.

திசைகாட்டி | இரவு 10:33
அது அந்த நிறுவனத்தின் லட்சணம், இசிம்மின் குற்றமா? 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலிருந்தே சிம் தட்டை எடுத்துவிட்டார்கள். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கேதான் போகிறது.

கணக்குப்பிள்ளை | இரவு 10:41
போகிறது என்பதற்காக நாமும் ஓட வேண்டாம். டேட்டா போனால் வேறு வாங்கலாம். வங்கியில் பதிந்த நம்பரை மட்டும் தட்டு இருக்கிறவரை தட்டிலேயே வைத்திருங்கள்.

புதுசா_வந்தவன் | இரவு 11:10
எல்லோருக்கும் வணக்கம், நான் இறங்கி நாலு நாள்தான் ஆகிறது. இங்கே சம்பளக் கணக்கு திறந்தாச்சு, வங்கிச் செயலியைப் போடலாம் என்றால் பிளே ஸ்டோரில் தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. பக்கத்து மேசைக்காரர் போனில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வெண்ணிலா | இரவு 11:18
தம்பி, உங்கள் கூகுள் கணக்கு இன்னும் பழைய நாட்டில் இருக்கிறது. அமைப்பில் போய் நாட்டை மாற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், அவசரப்பட்டு மாற்றினால் ஊர்ச் செயலி ஏதாவது தேவைப்படும்போது கை பிசைவீர்கள். நான் செய்தது, இந்த நாட்டுக்கென்று இரண்டாவது கூகுள் கணக்கு ஒன்று தொடங்கி அதே போனில் சேர்த்துக்கொண்டேன், ஸ்டோரில் மட்டும் மாற்றி மாற்றிப் போய்க்கொள்ளலாம். ஐபோன்காரர்களுக்கு இன்னும் தலைவலி, கணக்கில் மீதிப் பணம் இருக்கக் கூடாது, சந்தாக்கள் முடிந்திருக்க வேண்டும், புது நாட்டில் பணம் கட்டும் வழி ஒன்று கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் பயணப் பட்டியலிலும் போட மாட்டார்கள், "சிறந்த பத்து செயலிகள்" என்று போட்டால்தானே கூட்டம் வரும்.

திசைகாட்டி | இரவு 11:25
அந்தக் குத்து எனக்குத்தான் என்று புரிகிறது அக்கா. சரி, நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் தடை, பேசவும் பணம் கட்டவும் வீசாட், அலிபே செயலிகள் இல்லாமல் நகர முடியாது. தென்கொரியாவில் வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி தராததால் கூகுள் மேப்ஸ் பல ஆண்டுகளாக நடைவழியே காட்டவில்லை, அங்கே நேவர் மேப்தான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது, போட்டிம் மாதிரி அங்கே அனுமதி வாங்கிய அழைப்புச் செயலி வேண்டும். இதெல்லாம் தெரியாமல் நாலே செயலியோடு போய் இறங்கினால்?

காகிதக்காரன் | இரவு 11:40
நாலு போதும் என்று நான் சொன்னது எண்ணிக்கைக்காக இல்லை. மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு செயலியில் பேசினேன், அவர் தலையாட்டிவிட்டு அதே மருந்தை எழுதப் போனார். திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தால் "இந்த மருந்தோடு எனக்கு உடன்பாடு இல்லை" என்று வருகிறது! ஏதோ கொள்கைத் தகராறு என்று நினைத்திருப்பார். பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினேன், மருந்தின் பெயரும் "ஒவ்வாமை" என்பதற்கு அந்த மொழிச் சொல்லும் ஊரிலேயே தெரிந்த ஒருவரை வைத்து எழுதி வாங்கியிருந்தேன். பேனாவை நிறுத்திவிட்டார்.

கணக்குப்பிள்ளை | இரவு 11:52
இந்த இடத்தில் காகிதக்காரர் கட்சி நான். உயிர் விஷயத்தில் தாள்தான். மற்றதற்குச் செயலி போதும், ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, வந்ததைத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும்.

தாளில் இன்னொன்றும் எழுதுங்கள். ஆதென்டிகேட்டர் வைக்கும்போது தரும் மாற்றுக் குறியீடுகள். போன் தொலைந்தால் அதுதான் கதவு. நிறையப் பேர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்கிறார்கள், சாவியைப் பூட்டிய வீட்டுக்குள் வைப்பது மாதிரி.

புதுசா_வந்தவன் | இரவு 12:20
இரண்டாவது கணக்கு தொடங்கினேன், வங்கிச் செயலி வந்துவிட்டது, நன்றி அக்கா! இன்னொரு சந்தேகம். நான் ஏற்கெனவே ஆதென்டிகேட்டர்தான் வைத்திருக்கிறேன், ஊரில் ஒழுங்காக வேலை செய்தது. இறங்கியதிலிருந்து எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்கிறது. நாலு நாளாக அலுவலக மின்னஞ்சலே திறக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை | இரவு 12:24
போன் கடிகாரத்தைக் கையால் மாற்றினீர்களா?

புதுசா_வந்தவன் | இரவு 12:26
ஆமாம், இறங்கியபோது சிக்னல் இல்லை, தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு இந்த ஊர் நேரத்தை நானே வைத்தேன். ஏன்?

கணக்குப்பிள்ளை | இரவு 12:31
நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் திருப்பிவிட்டீர்கள். பார்வைக்கு மணி சரியாக இருக்கும், ஆனால் உலகப் பொது நேரக் கணக்கில் உங்கள் போன் சில மணி நேரம் தள்ளி நிற்கிறது. எண் உருவாவதே நேரத்தை வைத்துத்தான், அப்புறம் எப்படிப் பொருந்தும்? தானியங்கி நேரம், தானியங்கி மண்டலம் இரண்டையும் போட்டுவிட்டுப் பாருங்கள்.

புதுசா_வந்தவன் | இரவு 12:35
திறந்துடுச்சு!!! 140 மின்னஞ்சல்.

காகிதக்காரன் | இரவு 12:41
கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்.

திசைகாட்டி | இரவு 12:44
இதற்குத்தான் முழித்திருந்தீர்களா ஐயா.