'ஸ்கிம்மிங் ஃபுளோ': உரசோட்டமா, மேவோட்டமா?

வணக்கம்.

அணை நீரியல் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறேன். அணையின் உபரி நீர் கான்கிரீட் படிகள் வழியே இறங்கும் 'ஸ்டெப்டு ஸ்பில்வே' என்பதற்குப் படிக்கலிங்கு என்று வைத்திருக்கிறேன். கலிங்கு ஏரிக்கரையில் இருக்கும் தாழ்ந்த கட்டுமானத்துக்குத்தானே என்று யாராவது கேட்கக்கூடும். உபரி நீரைக் கரைக்குச் சேதமில்லாமல் வெளியே விடும் வழி எதுவோ அது கலிங்கு. 2 மீட்டர் உயரமானாலும் 90 மீட்டர் உயரமானாலும் வேலை ஒன்றுதான்.

இழுபறி ஓட்ட வகைகளில்தான். நீர் குறைவாக வந்தால் படிக்குப் படி தாரையாகக் குதித்து இறங்குகிறது. ஆங்கிலத்தில் 'நாப் ஃபுளோ'. நீர் பெருகினால் படிகள் மறைந்து, அவற்றின் முனைகளைத் தொட்டபடி ஒரே சரிவாக ஓடுகிறது. அது 'ஸ்கிம்மிங் ஃபுளோ'. முன்னதற்குத் தத்தோட்டம், பின்னதற்கு உரசோட்டம், நடுவில் வருவதற்கு நிலைமாறு ஓட்டம், 'எனர்ஜி டிசிபேஷன்' என்பதற்கு ஆற்றல் இழப்பு. இவை சரிவருமா?

——————

> பின்னதற்கு உரசோட்டம்

இது வேண்டாம். உரசல் என்றதும் படிப்பவர் மனம் நீருக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள உராய்வுக்குப் போய்விடும். இங்கே ஆற்றலைத் தின்பது வேறொன்று.

ஒரே ஒரு படியைப் பக்கவாட்டில் வெட்டிப் பாருங்கள். படியின் நிமிர்ந்த முகம், அதன் தட்டு, மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்க்கும் கற்பனைக் கோடு. இந்த முக்கோணத்துக்குள் நீர் அகப்பட்டுச் சுழல்கிறது. மேலே விரைந்து போகும் நீர் அந்தச் சுழலின் முதுகில் ஏறி ஓடுகிறது. அது கான்கிரீட்டில் படுவது முனையிலும், தட்டின் வெளிப்பக்கத்தில் முட்டும் சிறு இடத்திலும்தான். சுழல் நிற்காமல் சுற்றுவதற்கான ஆற்றலை மேலோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது சுழல் கலைந்து, மூலை நீர் மேலே பீறிடும், புது நீர் உள்ளே புகும், மறுபடி சுழலும். ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் எண் டார்சி உராய்வுக் கெழு. வழுவழுப்பான கான்கிரீட் சரிவில் அது 0.01 முதல் 0.02 வரை இருக்கும். செங்குத்தான படிச்சரிவில் அதை ஏறத்தாழ 0.2 என்று எடுத்துக்கொள்கிறோம். பத்து மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு முழுக்க வடிவத் தடையால், அதாவது படிகளின் வடிவம் உண்டாக்கும் சுழல்களால் வருவது. பெயரும் அந்த மூலையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். நீர் மூலைகளை மேவிவிட்டு, அதாவது நிரப்பி மூடிவிட்டு, அதன்மேல் ஓடுகிறது. ஆகவே மேவோட்டம் என்கிறேன்.

தத்தோட்டம் என்றால் பாதிப் பேருக்குத் தத்தெடுப்புதான் நினைவுக்கு வரும். தாவோட்டம் என்று மாற்றலாம் என்றால், விரைந்து ஓடும் நீர் சட்டென வேகம் குறைந்து உயர்ந்து எழும் 'ஹைட்ராலிக் ஜம்ப்' ஏற்கெனவே நீர்த்தாவல் ஆகிவிட்டது. அகலமான படிகளில், விழுந்த தாரை அந்தத் தட்டிலேயே நீர்த்தாவல் அடித்து அமைதியாகும். "தாவோட்டத்தில் நீர்த்தாவல் ஏற்படலாம், ஏற்படாமலும் போகலாம்" என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் புரியும். வீழோட்டம் போதும்.

நிலைமாறு ஓட்டமும் ஒத்துவராது. சீரோட்டம் கொந்தளிப்பு ஓட்டமாக மாறுவதற்கு அந்தச் சொல் புழங்குகிறது. இங்கே மூன்று வகையுமே கொந்தளிப்பு ஓட்டம்தான். இடையோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லைகளை எண்களோடு கொடுத்தால் சொற்கள் மனத்தில் நிற்கும். மாறுநிலை ஆழத்தை, அதாவது வரும் நீர் மிகக் குறைந்த ஆற்றலோடு ஓடக்கூடிய ஆழத்தை, படி உயரத்தால் வகுக்க வேண்டும். படியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் s என்றால், வகுத்து வந்த எண் 0.89 − 0.4s என்பதற்குக் கீழே இருந்தால் வீழோட்டம், 1.2 − 0.325s என்பதைத் தாண்டினால் மேவோட்டம். இவை ஆய்வகத் தரவுகளுக்குப் பொருத்திய கோடுகள், கத்தியால் வெட்டியது போல இருக்காது.

உருளையால் இறுக்கிய கான்கிரீட்டை 0.3 மீட்டர் அடுக்குகளாகப் போடுவது வழக்கம். மூன்று அடுக்குக்கு ஒரு படி என்றால் உயரம் 0.9 மீட்டர். சரிவு 1 மீட்டர் இறக்கத்துக்கு 0.8 மீட்டர் கிடை என்றால் படி அகலம் 0.72, s = 1.25. இந்தக் கலிங்கில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு சுமார் 0.65 கன மீட்டர் வரை வீழோட்டம், 1.9-ஐத் தாண்டினால் மேவோட்டம். வடிவமைப்பு வெள்ளம் எதுவானாலும் மேவோட்டத்தில்தான் வந்து நிற்கும். வீழோட்டத்தை நம்பி இவ்வளவு செங்குத்தான கலிங்கை வடிவமைக்க முடியாது.

——————

உரசோட்டத்தைக் கைவிடலாம், சரி. ஆனால் மேவோட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. இலங்கை வழக்கில் குழியை மண் போட்டு மூடுவது மேவுதல். அது உங்கள் பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே வழக்கில் வெள்ளம் வீதியை மேவிப் பாயும், குளக்கட்டையும் மேவிப் பாயும். அதாவது 'ஓவர்டாப்பிங்'. மண்ணணையின் பின்சரிவில் கான்கிரீட் படிகள் போடுவதே பல இடங்களில் அணைக்கு மேலாக வெள்ளம் போனாலும் மண் அரிக்காமல் இருக்கத்தான். அப்படியானால் இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் வந்து மோதும். "மேவும் நீர் மேவோட்டமாக இறங்கும்" என்றால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

ஆற்றல் இழப்பு பற்றியும் ஒரு சொல். குழாய்க் கணக்கில் இழப்பு என்பது குறைக்க வேண்டிய ஒன்று. படிக்கலிங்கில் அதைக் கூட்டத்தான் இத்தனை பாடும். ஆற்றல் தணிப்பு என்றால் நோக்கமும் சேர்ந்து வரும். கீழே கட்டும் 'ஸ்டில்லிங் பேசின்' தணிப்புத் தொட்டி ஆகிவிடும்.

——————

மேவிப் பாய்தலை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். படிமேவோட்டம் என்று முன்னொட்டு சேர்த்தால் எதை மேவுகிறது என்ற ஐயம் போய்விடும். 'ஓவர்டாப்பிங்' என்பதற்கு அணைமேற்பாய்வு. நீளம்தான், ஆனால் ஆபத்தைக் குறிக்கும் சொல் குழப்பமில்லாமல் இருப்பது முக்கியம்.

தணிப்பு சரி. செயலுக்குத் தணிப்பு, கணக்கில் கிடைக்கும் அளவுக்கு இழப்பு என்று பிரித்துக்கொள்கிறேன். அதே 0.9 மீட்டர் படி, 40 மீட்டர் உயர அணை. மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 5 கன மீட்டர் வந்தால், சீர்நிலையில், அதாவது வேகம் மேலும் கூடாமல் நிலைத்துவிட்ட பின், வேகம் நொடிக்குச் சுமார் 11.5 மீட்டர்; மேலிருந்து வந்த ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கு மேல் வழியிலேயே தணிந்துவிடும். படியில்லாத வழுவழுப்பான சரிவில் வேகம் 27-ஐ நெருங்கும். நீரை 25 கன மீட்டராக ஏற்றினால் கதை மாறுகிறது. சீர்நிலை வேகமே 20-ஐ ஒட்டி வரும், 40 மீட்டர் உயரத்தில் அந்தச் சீர்நிலைகூட எட்டாது. பாதி ஆற்றலாவது தணிந்தால் நல்லது. "படி வைத்தால் தணிப்புத் தொட்டி வேண்டாம்" என்று சிலர் எழுதுவது தவறு. தொட்டி சிறியதாகும், அவ்வளவுதான்.

இன்னொரு சொல்லும் பாக்கி: 'இன்செப்ஷன் பாயின்ட்'. அடியிலிருந்து வளரும் கொந்தளிப்பு அடுக்கு நீர்ப்பரப்பைத் தொடும் இடம் அது. அதற்கு மேலே நீர் கண்ணாடியாக இருக்கும், கீழே பால் போல வெளுக்கும். வெளுப்புத் தொடக்கம் என்று வைக்க ஆசைதான், ஆனால் காரணம் காற்று. காற்றேற்றத் தொடக்கம் என்போம். மேலே சொன்ன அணையில் 5 கன மீட்டருக்கு இது உச்சியிலிருந்து சரிவு நெடுக சுமார் 15 மீட்டரில் வரும். 25 கன மீட்டருக்கு 48 மீட்டர். சரிவின் மொத்த நீளமே 51. அதாவது ஏறத்தாழ முழுக் கலிங்கும் காற்றில்லாத நீரின் கீழ் கிடக்கும். காற்றுக் குமிழ் மெத்தை இல்லாத இடத்தில் வேகம் கூடினால் படிமுனைக்கு அருகே அழுத்தம் சரிந்து, ஆவிக்குமிழ்கள் உடைந்து கான்கிரீட்டைக் கொத்தும். அதனால்தான் மீட்டர் அகலத்துக்கு 25 முதல் 30 கன மீட்டருக்கு மேல் போக வடிவமைப்பாளர்கள் தயங்குகிறார்கள்.

காற்றேறிய நீர் பருத்துவிடும் என்பதால் பக்கச் சுவரின் உயரத்தைத் தெளிந்த நீரின் ஆழத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. இந்தப் பருப்பதற்கு உப்பல் என்று வைக்கலாமா? கதவு, பலகை நீரில் ஊறி உப்புவது வேறு, தெரியும்; இருந்தாலும் இதைவிடக் கைக்கு அடக்கமான சொல் கிடைக்கவில்லை.

——————

உப்பல் நன்று. இடையோட்டத்துக்கு மட்டும் வரையறை சேர்த்து எழுதுங்கள்: சில படிகளில் தாரைக்கு அடியில் காற்றறை இருக்கும், சிலவற்றில் மூலை நிரம்பியிருக்கும், அடுத்த நொடி அது இடம் மாறும். தெறிப்பும் அழுத்தத் துடிப்பும் இங்கே மிகுதி. இன்னொரு தொல்லையும் உண்டு: நீர் குறைவாக வரும்போது தாரை உச்சியின் முதல் படியில் பட்டுத் தெறித்து, நான்கைந்து படிகளைத் தொடாமலே பறந்து போகும். உச்சி வளைவில் சிறிய படிகளில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கினால் அது அடங்கும். அந்தச் சிறு படிகளுக்கு முன்படிகள் என்று போட்டுவிடுங்கள்.